மயிலாத்தாள் போட்ட முடிச்சு

பொள்ளாச்சிக்குத் தெற்கே, மலை தொடங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிற இடத்தில் இருக்கும் ஆனைப்பள்ளத்தில், மனிதர்கள் செய்துகொண்ட கல்யாணங்களைவிட நடிகர்கள் செய்துகொண்ட கல்யாணங்களே அதிகம். வாய்க்காலும் தென்னந்தோப்பும் அம்மன் கோயில் மண்டபமும் ஒரே காட்சிக்குள் அடங்கிவிடுகிற வசதி காரணமாக, முப்பது வருஷமாகச் சினிமாக்காரர்கள் அங்கே வந்து தாலி கட்டிவிட்டுப் போகிறார்கள். ஊர்ச் சனம் பட்டுடுத்தி வரிசையாக உட்கார்ந்து, அட்சதை போட்டு, அழச் சொன்னால் அழுது, கலாட்டா செய்யச் சொன்னால் செய்து, கடைசியில் நிஜமான இலையில் நிஜமான சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகும். அந்த ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியிடமும் சினிமாக் கல்யாணத்துக்கென்று தனியாக ஒரு பட்டுப் புடவை உண்டு. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அதைவிடச் சுமாரானது போதும்; அங்கே காமிரா அவ்வளவு கிட்டத்தில் வராது.

இந்தக் கல்யாணங்களிலெல்லாம் மயிலாத்தாளுக்கு ஒரே வேடம், நாத்தனார். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, அவனுடைய அக்காவோ தங்கையோ மற்ற இரண்டையும் போட்டு முடிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். எனவே மணமகளின் பின்கழுத்துக்குப் பின்னால் நிற்பதற்கு நடுங்காத விரல்களுள்ள ஒருத்தி தேவைப்பட, பத்தொன்பது வருஷத்தில் பதினெட்டுப் படங்களில் மயிலாத்தாளின் கைகள் வந்துவிட்டன. முகம் ஒன்றில்கூட வந்ததில்லை. தியேட்டரில் அந்தக் காட்சி வரும்போது அவள் பக்கத்து நாற்காலிக்காரியிடம், "அதா, அந்தக் கண்ணாடி வளையல் நானுங்க" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய கலை வாழ்க்கை.

அதில் ஒரு சட்டம் இருந்தது. எவரும் எழுதி வைக்காததால் எவரும் மீறாத சட்டம். சினிமாத் தாலிக்கு இரண்டு முடிச்சோடு நிறுத்திவிட வேண்டும். மூன்றாவதுக்குக் கை போகிறபோது ‘கட்’ என்று ஒரு குரல் கேட்கும். மயிலாத்தாளின் விரல்கள், மில் சங்கு கேட்ட கூலியாள்போல அந்தக் கணமே வேலையைப் போட்டுவிட்டு எழுந்துவிடும். மூன்று விழுந்தால் நடிப்பு இல்லை என்பது நடிகைகளின் நம்பிக்கை. நடிகர்களின் நம்பிக்கை இன்னும் பலமானது.

இப்படி இருக்கையில்தான், ‘நாற்பது நாள் தாலி’ என்ற படத்தை எடுக்க நிகிலேஷ் என்ற இளம் இயக்குநர் வந்து சேர்ந்தார். குடும்பஸ்தர்களுக்கு மட்டுமே வீடு தரும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இடம் பிடிப்பதற்காக ஒருத்தியும் ஒருத்தனும் கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். விஷயம் பெற்றோர் காதுக்குப் போய்விட, ஊருக்கு வந்து ஒரு கல்யாணமும் செய்துகொண்டு அதையும் நடிக்கிறார்கள். நாற்பதாம் நாள் அவள் தாலியைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைக்கும்போது இருவருக்கும் காதல் வந்துவிட்டது தெரிந்து, அவன் அதையே மறுபடி கட்டுகிறான். கதை எங்கே போய் நிற்கும் என்பது டிக்கெட் கிழிக்கிறவருக்குக்கூட முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் மக்கள் இத்தகைய கதைகளைப் பார்க்கப் போவது, போகிற இடம் தெரிந்த பஸ்ஸில் ஏறுவதுபோலத்தான், யாரும் அதைக் குறை சொல்வதில்லை.

நிகிலேஷ் போலந்துக்குப் போய்ச் சினிமா படித்தவர். கத்திப் பேசினால் காட்சியின் சுவாசம் கெட்டுவிடும் என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே அவர் ‘கட்’ என்று சொல்வதில்லை. உயர்த்திய கையை, தூங்குகிற குழந்தையைக் கீழே கிடத்துவதுபோல, மெல்ல இறக்குவார். எல்லோரும் அதைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்கள். மணமகளின் பின்கழுத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாத இடத்தில் நின்ற ஒருத்தியைத் தவிர.

கதாநாயகன் ரிஷிவரன் முதல் முடிச்சைப் போட்டான். மயிலாத்தாள் இரண்டாவதைப் போட்டாள். மேளம் முழங்கிற்று, முந்நூறு பேர் அட்சதையை எறிந்தார்கள், நிகிலேஷின் கை மெல்ல மெல்ல இறங்கிற்று, காதில் ஒரு சொல்லும் விழாத விரல்கள் தம்பாட்டுக்கு மூன்றாவதையும் போட்டு இழுத்து இறுக்கின.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது கதாநாயகி மிதுனா தாலியைக் கழற்றப் பார்த்தாள். கழலவில்லை. உடைக்காரர் கத்தரியைக் கொண்டுவந்தார். மஞ்சள் கயிற்றில் பட்டதும் கத்தரி மழுங்கிற்று. பாக்குவெட்டி, தேங்காய் மட்டை உரிக்கிற பாரை, ஆசாரியின் அரம் எல்லாம் வரிசையாக வந்து மழுங்கிக்கொண்டு போயின. தலைவழியாக எடுக்கப் பார்த்தால் தாடைவரை தாராளமாக வருகிற கயிறு, மூக்கைத் தாண்டமாட்டேன் என்று சுருங்கிக்கொண்டது. கீழே விட்டால் பழையபடி நெஞ்சில் கிடந்தது. ஒரு தொந்தரவும் தரவில்லை.

இது எதனால் என்று ஊர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "கல்யாணம் ஆனவங்களா நடிக்கிறவங்களா இவங்க நடிக்கிறாங்க. கழித்தலைக் கழிச்சா கூட்டல். எட்டாங் கிளாஸ் கணக்குத்தானே?" என்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் பூபதி டீக்கடையில் சொன்னார். அது போதுமானதாக இருந்தது. சென்னையிலிருந்த தொலைக்காட்சிக்காரர்களுக்குப் போதவில்லை. அவர்கள் ஆறு பேரைச் சதுரம் சதுரமாக உட்காரவைத்து, சங்க காலத்தில் தாலி இருந்ததா இல்லையா என்ற பழைய சண்டையை மூன்று நாள் நடத்தினார்கள். நான்காம் நாள் மழை வந்துவிட்டதால் மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

ஊர் யோசித்தது வேறொன்றை. மூன்று முடிச்சு விழுந்துவிட்டது, முந்நூறு பேர் அட்சதை போட்டிருக்கிறார்கள், சாப்பிட்டும் இருக்கிறார்கள். இனி அந்தப் பொண்ணு மாப்பிள்ளைக்கு விருந்து வைக்காமல் இருப்பது எப்படி? ஆகவே மறுநாளிலிருந்து வீட்டுக்கு வீடு விருந்து தொடங்கிற்று. மிதுனாவும் ரிஷிவரனும் படத்துக்கு வெளியே ஒருவரையொருவர் பார்த்தால் பேசாதவர்கள். விளம்பரப் பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்பதில் ஏற்பட்ட பகை அது. அவர்களைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துப் பணியாரம் ஊட்டிவிடச் சொன்னார்கள். ரிஷிவரன் நான்காம் நாள் ராத்திரி சென்னைக்குக் கிளம்பிவிடப் பார்த்தபோது, பெட்டிக்கடைக்காரர் காரின் குறுக்கே நின்றார்.

"ஏனுங்க மாப்ள, இதென்ன ஆடி மாசமா? புதுசாக் கட்டினவளை விட்டுப்போட்டுத் தனியாப் போறீங்க?"

"அண்ணே, அது படம்ணே."

"படம்னா தாலியை இறக்கிவெச்சுட்டுப் போங்க. கழுத்துலதானே கெடக்குது, எடுத்துக்கிட்டுப் போங்க பாக்கலாம்."

ரிஷிவரன் காரைத் திருப்பினான். தாலி கழன்றால்தான் கடைசிக் காட்சியே உண்டு என்பதால் நிகிலேஷும் படத்தை நிறுத்திவிட்டு லாட்ஜ் மொட்டை மாடியில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு காலையிலும் மயிலாத்தாள் ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயோடு லாட்ஜுக்குப் போவாள். மிதுனா தலையைக் குனிந்துகொள்ள, முடிச்சில் எண்ணெயை விட்டு நகத்தால் நெகிழ்த்திப் பார்ப்பாள்.

"அக்கா, இது எப்பத்தான்க்கா அவிழும்? அடுத்த மாசம் எனக்கு போலீஸ் வேஷம். யூனிஃபார்முக்கு மேல இதைத் தொங்கவிட்டுட்டு நான் யாரைச் சுடறது?"

"எனக்கென்னங்கம்மிணி தெரியும். கட்டற வேலைக்குத்தானுங்க என்னையக் கூப்புடுவாங்க. அவுக்கறதுக்கு ஒருத்தரும் கூப்புட்டதில்லை."

"நீங்க ஏன்க்கா மூணாவது போட்டீங்க?"

"‘கட்’டுன்னு சொல்லலைங்களே," என்றாள் மயிலாத்தாள். பத்தொன்பது வருஷமாக அந்த மூன்றாவதைப் போட்டு முடித்துவிட வேண்டும் என்று விரல்கள் தினவெடுத்துக்கொண்டிருந்ததை அவள் சொல்லவில்லை. பாதியில் எழுந்துபோகிற வேலை யாருக்குத்தான் பிடிக்கும்?

இதற்குள், தையல் கடை நாகமணிக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. மூன்று முடிச்சென்றால் நிஜம், இரண்டென்றால் நடிப்பு என்பதுதானே இப்போது நிரூபணமாகியிருக்கிறது. அப்படியானால் தன் கழுத்தில் எத்தனை? அவள் பரணிலிருந்து தன் கல்யாண சீடியை எடுத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். கணவன் மருதாசலம் ஒரு முடிச்சுப் போட்டான். அவன் தங்கை ஒன்று போட்டாள். அடுத்ததுக்கு அவள் கயிற்றை எடுத்த சமயம் எம்.எல்.ஏ. உள்ளே வந்துவிட, காமிரா அவர் பக்கம் திரும்பிக்கொண்டது. வீடியோவில் அவர் கும்பிடுகிறார், கும்பிடுகிறார், கும்பிட்டுக்கொண்டே இருக்கிறார். காமிரா திரும்பி வரும்போது நாத்தனார் பந்தி பக்கம் போய்விட்டிருக்கிறாள். மறுபடி ஏழு தடவை பார்த்துவிட்டு நாகமணி டி.வி.யை அணைத்தாள். அவளைச் சாட்சியாக வைத்துக்கொண்டு பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, தன் வீட்டுக்கு ஓடித் தன் சீடியைத் தேடினாள்.

ஒரே வாரத்தில் ஆனைப்பள்ளத்தின் எல்லாக் கல்யாணங்களும் மறு ஒளிபரப்பாயின. காலையில் வேலைக்குப் போகிறவர்களும் சாயங்காலம் திரும்புகிறவர்களும் வீதியில் நடக்கையில், ஒவ்வொரு சன்னலிலிருந்தும் கெட்டிமேளம் வேறு வேறு வருஷத்தின் சுருதியில் கேட்டது. அந்த எம்.எல்.ஏ. நேரம் தவறாமல் தாலி கட்டும் சமயம் பார்த்து வருகிறவராக இருந்ததால், பதினோரு கல்யாணங்களில் மூன்றாவது முடிச்சுக்குச் சாட்சியம் இல்லாமல் போயிற்று. ஆறு கல்யாணங்களில் வீடியோக்காரர் அந்த இடத்தில் இரண்டு புறாக்களையும் ஒரு ரோஜாவையும் பறக்கவிட்டிருந்தார். நான்கு கல்யாணங்களில் நாத்தனார்கள் கையும் களவுமாக இரண்டோடு நிறுத்திக்கொண்டு போவது தெரிந்தது. சட்டத்தில் முடிச்சுக்கு எண்ணிக்கை கிடையாது என்று வக்கீல் ஒருவர் பொள்ளாச்சியிலிருந்து வந்து விளக்கினார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

ஆக, இருபத்தொரு குடும்பங்கள் ஒரே வாரத்தில் நடிப்பாகிவிட்டன. கலவரம் வரும் என்றுதான் பூபதி வாத்தியார் எதிர்பார்த்தார். வந்தது வேறு. பதினேழு வருஷமாகக் கட்டிலில் படுத்தபடியே "தண்ணி" என்று குரல் கொடுத்துவந்த மருதாசலம், மறுநாள் காலை தானே எழுந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு, செம்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்று, "நீ குடிக்கறயா?" என்று கேட்டான். நாகமணிக்குக் கையிலிருந்த கத்தரி நழுவிற்று. நடிப்புக் கல்யாணத்தில் மனைவி போவதென்றால் எப்போது வேண்டுமானாலும் போகலாம். அதற்குப் பஞ்சாயத்து வேண்டாம், தாய்வீடு வேண்டாம், காரணம்கூட வேண்டாம். இந்த ஒன்று மண்டையில் ஏறியதும் இருபத்தொரு கணவன்மாரும் தலை சீவிக்கொள்ளத் தொடங்கினார்கள். மல்லிகைப்பூக்காரர் அதிக முழம் கட்டினார். சந்தைக்கு மனைவியோடு போனவர்கள் பையைத் தாங்களே தூக்கினார்கள். அவ்வப்போது ஒருத்தர் கடைவீதியில் நின்று, "உனக்கு என்ன கலர் புடிக்கும்?" என்று தன் மனைவியிடம் கேட்பதும், அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றனுங்க" என்பதும் எல்லோர் காதிலும் விழுந்தது.

பின்பு அந்த இருபத்தொரு கணவன்மாரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல், மயிலாத்தாளிடம் வந்தார்கள்.

"மயிலக்கா, சும்மா ஒரு தடவை வந்து அந்த மூணாவதைப் போட்டு உட்டுருங்க. உங்க கைமுடிச்சுன்னா அவுராதுங்களாமே."

மயிலாத்தாள் போவாள். வீட்டுக்கார அம்மாள் காப்பி கொடுப்பாள், முறுக்குக் கொடுப்பாள், நாற்காலி போடுவாள். கழுத்தை மட்டும் காட்டமாட்டாள்.

"இப்பென்னங்க்கா அவசரம்? தை பொறக்கட்டும் பாத்துக்கலாம்."

மூன்று முடிச்சுக்காரிகள் நிலைமைதான் பரிதாபம். அவர்களுடைய வீடியோக்காரர்கள் நேர்மையானவர்களாக இருந்து தொலைத்தார்கள். அவர்களில் இரண்டு மூன்று பேர் சீடியைச் சாணிக் குழியில் போட்டுவிட்டு, "எங்களதும் ரெண்டுதானுங்க" என்று சொல்லிப் பார்த்தார்கள். கணவன்மார் நம்பவில்லை. நம்புவதால் அவர்களுக்கு என்ன லாபம்?

இத்தனை வீடுகளுக்கும் போய்விட்டு வந்த மயிலாத்தாளிடம், அவள் கழுத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவள் கல்யாணத்தன்று வீடியோக்காரர் வேறொரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதில் அவள் தலை குனிந்திருக்கிறாள். கணவன் சென்னியப்பன் காமிராவைப் பார்த்துப் பயந்திருக்கிறான். பின்னால் அவனுடைய அக்கா நஞ்சம்மாள் முகத்தை ஒன்றரை முழத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறாள், கை மட்டும் அசைந்துபோய்ப் புகையாக விழுந்திருக்கிறது. அந்தப் புகைக்குள் எத்தனை முடிச்சு என்று, அடுப்பில் சோறு குழைவது தெரியாமல் மயிலாத்தாள் பார்த்துக்கொண்டிருப்பாள். ஊர்க் கழுத்தையெல்லாம் கட்டியவளுக்குத் தன் கழுத்தின் பின்பக்கத்தைப் பார்க்க வழியில்லை. அந்தப் பழைய மஞ்சள் கயிறு எந்தக் காலத்திலோ மாற்றப்பட்டும் விட்டது.

சென்னியப்பன் தென்னை நார் மில்லில் வேலை பார்த்தான். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. பேசுகிற பழக்கமும் இல்லை. இருபத்தொரு வருஷத்தில் அவன் ஒரு நாளைக்குச் செலவழித்த சொற்களை மயிலாத்தாள் விளையாட்டாக எண்ணிப் பார்த்ததுண்டு. "சோறு" ஒன்று, "வரேன்" ஒன்று, மழை வந்தால் "மழை" ஒன்று. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்தச் சொற்கள் விழுந்த இடத்திலேயே கிடக்கும். ஆரம்பத்தில் தன்னைப் பிடிக்கவில்லையோ என்று அழுதாள். பிறகு அவன் சுபாவம் என்று விட்டாள். இப்போது நாகமணி வீட்டுச் செம்பைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகு விட முடியவில்லை. இரண்டாக இருந்துவிட்டால், இந்த மனிதரும் தலை சீவிக்கொண்டு வந்து ஒரு கேள்வி கேட்பார். மூன்றாக இருந்துவிட்டால் ஆயுள் முழுக்க சோறு, வரேன், மழை. இது ஒரு பக்கம். இரண்டாக இருந்து, அது தெரிந்ததும் அவர் நிம்மதியாக "வரேன்" என்று சொல்லிவிட்டு ஒரேயடியாகப் போய்விட்டால்? இது இன்னொரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவில் பத்து நாள் நின்றுவிட்டு, பதினோராம் நாள் சோறு போடும்போது கேட்டுவிட்டாள்.

"ஏனுங்க, நம்மளது எத்தனைங்க?"

சென்னியப்பன் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கையோடு நின்றான். பிறகு அதை இலையில் வைத்தான். கை கழுவினான். மில்லுக்குப் போய்விட்டான். அன்று "வரேன்"கூட இல்லை.

அடுத்த நாள் விடிந்ததும் சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவன் உடுமலை பஸ்ஸில் ஏறினதாகப் பெட்டிக்கடைக்காரர் வந்து சொன்னார். உடுமலையில் இருப்பது நஞ்சம்மாள். மயிலாத்தாள் வாசலில் போட்டிருந்த கோலத்தை மறுபடி கூட்டிவிட்டு மறுபடி போட்டாள். மூன்று என்று கேட்டுக்கொண்டு நிம்மதியாக வருவதற்குப் போயிருக்கிறாரா, இரண்டு என்று கேட்டுக்கொண்டு வராமலே இருப்பதற்குப் போயிருக்கிறாரா?

மத்தியானப் பஸ்ஸில் இருவரும் வந்து இறங்கினார்கள். நஞ்சம்மாளுக்கு அறுபத்தைந்து வயதும், அதற்குச் சம்பந்தமில்லாத குரலும். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வருவதற்குள், வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் தான் எதற்கு வந்திருக்கிறாள் என்பதைச் சொல்லிக்கொண்டே வந்ததால், வாசலில் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள். அன்று மயிலாத்தாள் வீட்டில்தான் விருந்து முறை என்பதால் மிதுனாவும் ரிஷிவரனும் ஏற்கெனவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வார விருந்துக்குப் பிறகு அவர்களிடம் பழைய பகை இல்லை. காதலும் இல்லை. அவன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான், அவள் வேறு பக்கம் பார்த்தபடி, "இன்னைக்கும் கத்திரிக்காய்தான்" என்பாள், அவன் "ம்" என்பான். பார்த்தவர்கள், கட்டி இருபது வருஷம் ஆனவர்கள் மாதிரியே இருக்கிறார்கள், எவ்வளவு பொருத்தம் என்று மகிழ்ந்தார்கள்.

"வாங்க நங்கையா," என்று கும்பிட்டாள் மயிலாத்தாள். கணவனின் அக்காவை அப்படித்தான் கூப்பிட வேண்டும்.

"வர்றேன், வர்றேன். ஏன்டீ மயிலு, இருவத்தோரு வருசங் கழிச்சு என்ற கை மேல உனக்கு என்ன சந்தேகம்?"

"சந்தேகமில்லீங்க நங்கையா. எத்தனைன்னு தெரிஞ்சாப் போதுமுங்க."

நஞ்சம்மாள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு கல்யாணப் படத்திலும் அவளை நடிக்கக் கூப்பிட்டதில்லை; அந்தக் குறையெல்லாம் அன்று தீர்ந்தது.

"அன்னைக்கு எனக்கு எடுத்த சீலை பச்சை. நான் கேட்டது அரக்கு. கேட்டனா இல்லியா, இவனைக் கேளு. ‘அக்காளுக்கு அரக்கு’ன்னு மூணு தரம் சொல்லியுட்டேன். பச்சை! நான் என்ன கிளியா? அந்தச் சீலையைக் கட்டிட்டு உன்ற பின்னாடி நின்னேன். ஒண்ணு இவன் போட்டான். ஒண்ணு நான் போட்டேன். இன்னொண்ணுக்குக் கயித்தைப் புடிச்சேனா, என்ற முந்தானை என்ற கண்ணுலயே பட்டுது. பச்சை. ‘அடப் போங்கடா’ன்னு உட்டுப்போட்டேன்."

கூட்டத்தில் சிலர் விரலை மடக்கி எண்ணினார்கள்.

"ரெண்டுதான்," என்றாள் நஞ்சம்மாள், இன்னும் சந்தேகம் இருக்கிறவர்களுக்காக.

மயிலாத்தாள் கணவனைப் பார்க்கவில்லை. அவன் செருப்பைப் பார்த்தாள். அது வாசல் பக்கம் திரும்பியிருக்கிறதா, வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றான் சென்னியப்பன்.

ஐம்பது பேரும் திரும்பினார்கள். அவன் குரல் எப்படி இருக்கும் என்பதே பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

"அன்னைக்கே பார்த்தேன். அக்கா கயித்தை உட்டுட்டு எந்திரிச்சதைப் பார்த்தேன். சொன்னா உன்னையக் கூட்டிட்டுப் போயிருவாங்கன்னு சொல்லலை. அப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அப்பறம் சொன்னா நீயே போயிருவயோன்னு இருந்தேன். ரொம்பப் பேசுனா எங்கயாச்சும் வாய் தவறி இதும் வந்துருமோன்னு..." அவனுக்கு மூச்சு வாங்கிற்று, இருபத்தொரு வருஷச் சொற்கள் ஒரேயடியாக வந்துவிட்டதால் நெற்றியில் வியர்த்துவிட்டது. "அதான் பேசறதையே கொறைச்சுட்டேன்."

மயிலாத்தாள் அந்தப் பழைய சொற்களை மறுபடி எண்ணினாள். சோறு, வரேன், மழை. அவ்வளவு சொற்களையும் இவர் பயந்து பயந்து, எது நழுவும் எது நழுவாது என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறார்.

"அட, இதுக்கு எதுக்கு இத்தனை பேச்சு?" என்றாள் நஞ்சம்மாள். "நான்தானே உட்டது, நானே போட்டுடறேன். ஒரு மஞ்சக் கயிறு கொண்டா மயிலு. மூணாவதை இறுக்கிப் போட்டுட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போயிக்கறேன்."

சென்னியப்பன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஊரும் அதுதான் நியாயம் என்று தலையாட்டிற்று. நாகமணி மட்டும் மயிலாத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மயிலாத்தாள் பின்கழுத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டுமுங்க நங்கையா. ஒரு நாப்பது நாள் போகட்டும்."

"என்னடி நாப்பது நாள்?"

"படத்துல அத்தனைதானுங்க. அதுக்குள்ள இவருக்கு என்னையப் புடிச்சிருக்குதா பாக்கோணுமுங்க. எனக்கும் பாக்கோணும்."

கைதட்டியது யாரென்று தெரியவில்லை. அட்சதைக்கும் அழுகைக்கும் பழகிய சனம் என்பதால், ஒருவர் தட்டியதும் எல்லோரும் தட்டினார்கள். மூன்றாவது முடிச்சை மயிலாத்தாளே வேண்டாமென்பதற்குக் காத்திருந்ததுபோல, அந்தச் சத்தத்தில் மிதுனாவின் கழுத்திலிருந்த மஞ்சள் கயிறு முதலில் மூன்றாவது முடிச்சும் பின்பு இரண்டாவதும் பின்பு முதலாவதுமாக நெகிழ்ந்து, தாலி அவள் கையிலிருந்த மோர் டம்ளருக்குள் விழுந்ததை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரிஷிவரனைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவன் போனிலிருந்து கண்ணை எடுத்து, "விழுந்துடுச்சு" என்றான். அவள் டம்ளரைப் பார்த்துவிட்டு, "ம்" என்றாள். மோரைக் கீழே கொட்டாமல் ஓரமாகக் குடித்துமுடித்துவிட்டுத்தான் அதை எடுத்தாள்.

நிகிலேஷ் ஓடி வந்து, இதை மறுபடி ஒருமுறை செய்ய முடியுமா, காமிரா லாட்ஜில் இருக்கிறது என்று கேட்டார். முடியவில்லை. நான்கு நாளில் கடைசிக் காட்சியை எடுத்து முடித்தார்கள். இயக்குநர் அந்த முறை ‘கட்’ என்று கத்திய கத்தலில் தென்னையிலிருந்து இரண்டு கிளிகள் பறந்தன. படம் வெளிவந்தபோது, பொய்க் கல்யாணத்திலிருந்து காதல் பிறப்பது நம்பும்படியாக இல்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். ஆனைப்பள்ளத்தில் அது ஐம்பது நாள் ஓடிற்று. இருபத்திரண்டு ஜோடிகள் திரும்பத் திரும்பப் போனார்கள், மயிலாத்தாளும் போனாள், கண்ணாடி வளையல் கைகள் வந்தபோது அவள் பக்கத்து நாற்காலியில் இருந்த சென்னியப்பனிடம் எதுவும் சொல்லவில்லை, பக்கத்து நாற்காலியே, "அதா, நீ" என்றது.

அது பின்னால் நடந்தது. நாற்பது நாளின் முதல் நாள் காலையில் நடந்தது இது: மயிலாத்தாள் எழுந்து வருவதற்கு முன்பே அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தலையை எண்ணெய் போட்டுப் படிய வாரி, வகிடெடுத்து, முகத்தில் பவுடர் கொஞ்சம் அதிகமாக, கையில் இரண்டு டம்ளர் காப்பியோடு சென்னியப்பன் வந்து நின்றான். ஒன்றை நீட்டினான். முந்தின ராத்திரி முழுவதும் மனப்பாடம் செய்தவன்போல ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"உனக்குச் சக்கரை எத்தனை கரண்டி போடோணும்?"

இருபத்தொரு வருஷமாக விடியக் காலையில் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, தனக்கென்று ஒரு டம்ளர்கூட ஊற்றிக்கொள்ளாதவள் அதை வாங்கி, சூடு ஆறட்டும் என்று இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"எனக்குக் காப்பியே புடிக்காதுங்க," என்றாள்.

சென்னியப்பன் திகைத்துப்போய் அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாக, அவளுக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"பின்னே என்ன புடிக்கும்?"